கொல்லைக்குப் போகும் வழியில் தானாக எரியும் விளக்கு: எந்த சென்சார் சரியாக இருக்கும்?

கொல்லைப்புறம் (இழையைத் தொடங்கியவர்), ஏப்ரல் 19

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பழைய ஓட்டு வீடு. திண்ணை, நடை, முற்றம், இரண்டாம் கட்டு, அதைத் தாண்டினால் கொல்லை. கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கிறது. பின்வாசலிலிருந்து அளந்து பார்த்தேன், பதினான்கு மீட்டர். அம்மாவுக்கு 76 வயது. இரவில் இரண்டு முறையாவது எழுந்து போவார். கொல்லை விளக்கின் சுவிட்ச் இரண்டாம் கட்டின் மறுகோடியில் இருப்பதால் அதைத் தேடிப் போய்ப் போடமாட்டார். "ஐம்பது வருஷமாக நடந்த வழி, எனக்கு விளக்கு எதற்கு" என்பார். போன மாதம் துவைக்கும் கல்லில் கால் இடறி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

ஆள் நடந்தால் தானாக எரியும்படி செய்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். பி.ஐ.ஆர். என்று ஒன்று, மைக்ரோவேவ் என்று ஒன்று, சென்சார் உள்ளேயே பொருத்திய பல்பு, சூரிய சக்தி விளக்கு என்று வரிசையாக எடுத்து வைத்தார்கள். எதை வாங்குவது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பினேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மதுரை மின்பணி, ஏப்ரல் 19

தம்பி, 22 வருடமாக ஒயரிங் வேலை செய்கிறேன். வாங்குவதற்கு முன் சில விவரங்கள் வேண்டும். எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள்? அம்மா எந்தப் பக்கமாக நடப்பார்? கொல்லையில் நாய், மாடு, கோழி உண்டா? மாட்டும் இடத்துக்கு நியூட்ரல் ஒயர் வருகிறதா? இன்வெர்ட்டர் இருக்கிறதா?

---

கொல்லைப்புறம், ஏப்ரல் 19

நன்றி அண்ணா. கழிப்பறைக் கதவுக்கு மேலே, வீட்டைப் பார்த்தபடி மாட்டலாம் என்று நினைத்தேன். அம்மா நேராக அதை நோக்கித்தானே வருகிறார். கிழக்குப் பக்கம் நெடுகக் காம்பவுண்டு சுவர், மேற்கில் கிணறு. கொல்லையின் பின்பகுதியில் ஒரு பசு கட்டியிருக்கிறது. தெருநாய்கள் வேலிச் சந்து வழியாக வரும். இன்வெர்ட்டர் இருக்கிறது. நியூட்ரல் பற்றி எனக்குத் தெரியவில்லை.

---

மதுரை மின்பணி, ஏப்ரல் 20

நீங்கள் நினைத்த இடம்தான் இருப்பதிலேயே மோசமான இடம். கடைக்காரர் இதைச் சொல்லியிருக்கமாட்டார். பி.ஐ.ஆர். சென்சாருக்கு எதிரே நேராக நடந்து வருகிறவரை அது கடைசி நிமிடத்தில்தான் கண்டுகொள்ளும். குறுக்கே நடப்பவரை உடனே பிடித்துவிடும். அட்டையில் 12 மீட்டர் என்று போட்டிருப்பதெல்லாம் குறுக்கே நடப்பதற்கான கணக்கு.

கிழக்குச் சுவரில், வழியின் நடுவில், தரையிலிருந்து இரண்டேகால் மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். அம்மா அதன் முன்னால் குறுக்கே கடந்து போவார். பின்வாசல் நிலைக்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

---

பாலிடெக்னிக் வாத்தியார், ஏப்ரல் 20

மின்பணி சொன்னதன் காரணத்தை நான் விளக்குகிறேன். மாணவர்களுக்கு இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

பி.ஐ.ஆர். எதையும் அனுப்புவதில்லை, வாங்கிக்கொள்ள மட்டும் செய்கிறது. நம் உடம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர் எப்போதும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அதன் உச்சம் ஒன்பது, பத்து மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி வரும். சென்சாருக்குள் வெப்பம் மாறும்போது மின்னூட்டம் தரும் படிகத் துண்டுகள் இரண்டு எதிர்எதிராக இணைக்கப்பட்டிருக்கும். முன்னால் தெரியும் வெள்ளைக் குமிழ் வெறும் மூடி என்று பலர் நினைக்கிறார்கள். அது ஃபிரெனெல் லென்ஸ். எதிரே உள்ள இடத்தைப் பனையோலை விசிறியின் மடிப்புகள் போலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு உடல் சூடு தாவும்போதுதான் படிகத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. குறுக்கே நடந்தால் ஒரே எட்டில் இரண்டு மூன்று பட்டைகளைக் கடப்போம். நேராக நடந்தால் ஒரே பட்டைக்குள்ளேயே வந்துகொண்டிருப்போம்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் பி.ஐ.ஆருக்கு இல்லாதவரே. சாதாரணக் கண்ணாடியும் இந்தக் கதிரை விடாது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டு வெளியில் நடப்பவரைக் காணவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

உங்கள் ஊருக்கு முக்கியமான எச்சரிக்கை: சூடு. சென்சார் பார்ப்பது நம் உடம்புக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் உள்ள சூட்டின் வித்தியாசத்தை. நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 33, 34 டிகிரி. கத்திரி வெயிலில் வெந்த செங்கல் சுவர் முன்னிரவு வரை அதே அளவுச் சூட்டில் இருக்கும். அப்போது சுவரும் மனிதரும் சென்சாருக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள். எங்கள் வாசலில் மார்கழியில் ஏழு மீட்டருக்கு முன்பே எரிந்த கருவி, மே மாத முன்னிரவில் மூன்று மீட்டருக்குள் போனால்தான் எரியும். எனவே அட்டையில் உள்ள தூரத்தில் பாதியை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள்.

---

கொல்லைப்புறம், ஏப்ரல் 20

வாத்தியார் ஐயா, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்படியானால் மைக்ரோவேவ் நல்லதா? அதற்குச் சூடு ஒரு பொருட்டில்லை என்று கடையில் சொன்னார்கள். இன்னொரு கேள்வி, சிரிக்காதீர்கள். கிணற்றடியில் பாம்பு நடமாட்டம் உண்டு. பாம்பு வந்தால் சென்சார் விளக்கைப் போடுமா?

---

கோவை மாடிவீடு, ஏப்ரல் 21

மைக்ரோவேவ் பற்றி நான் பட்டதைச் சொல்கிறேன். கூடத்துக்கும் மாடிப்படிக்கும் சேர்த்து இரண்டு வாங்கினேன். கூடத்து விளக்கு விடியவிடிய அணையவே இல்லை. கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன், அதுவும் அப்படியே. கடைசியில் ஒருநாள் மின்விசிறியை நிறுத்தியபோது விளக்கும் சிறிது நேரத்தில் அணைந்தது. விசிறியின் இறக்கைகள் சுற்றுவதைத்தான் அது ஆள் நடமாட்டம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது! நம் ஊர் வீடுகளில் விசிறி ஓடாத அறை எது?

மாடிப்படியில் வேறு சிக்கல். பக்கத்து அறையில் பையன் கட்டிலில் புரண்டாலும் படிக்கட்டு விளக்கு எரிந்தது. நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. கூடத்தில் பி.ஐ.ஆர். மாற்றிவிட்டேன். படிக்கட்டில் மட்டும் உணர்திறனைக் குறைத்து மைக்ரோவேவையே வைத்திருக்கிறேன். படியின் திருப்பத்துக்கு அப்பால் வருபவரையும் அது கண்டுகொள்வதால் அங்கே அது எனக்குப் பிடித்திருக்கிறது.

---

பாலிடெக்னிக் வாத்தியார், ஏப்ரல் 21

மாடிவீடு அம்மா சொன்னது அப்படியே சரி. இந்த மைக்ரோவேவ் சென்சார்களில் பெரும்பாலானவை 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாறியிருக்கிறதா என்று பார்க்கின்றன. ஒட்டுப்பலகை, கண்ணாடி, பிளாஸ்டிக், மெல்லிய சுவர் எல்லாவற்றையும் அது ஊடுருவும். உலோகத்தை ஊடுருவாது. பி.வி.சி. குழாயில் தண்ணீர் ஓடினால்கூட ஆள் என்று நினைக்கும். திறந்த கொல்லையில் வைத்தால் காற்றில் ஆடும் வாழையிலை, மழைச்சாரல், வேலிக்கு வெளியே தெருவில் போகும் வண்டி என்று எல்லாவற்றுக்கும் எரியும். வெளியிடத்துக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. சூட்டுக்குப் பயந்து அதற்குப் போகவேண்டாம். பி.ஐ.ஆரை நெருக்கமாகவும் குறுக்காகவும் வைத்தால் போதும்.

பாம்புக் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. பாம்பின் உடல் சூடு தரையின் சூட்டை ஒட்டியே இருக்கும். உருவமும் மெல்லியது. பி.ஐ.ஆர். அதைக் காணாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வாசற்படியில் கால் வைக்கும்போதே வழி முழுவதும் வெளிச்சமாகிவிடவேண்டும். பாதி வழி நடந்த பிறகு எரியும் விளக்கு இதற்கு உதவாது. மின்பணி சொன்ன இரண்டாவது சென்சார் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

---

மதுரை மின்பணி, ஏப்ரல் 21

அதற்காகவேதான் ஐயா. பின்வாசலில் ஒன்று, சுவரின் நடுவில் ஒன்று. இரண்டின் வெளியீட்டு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு விளக்குக்கும் கொடுத்துவிடலாம். எந்த சென்சார் ஆளைப் பார்த்தாலும் இரண்டு விளக்கும் எரியும். போகும்போது வாசல் சென்சார், திரும்பும்போது நடு சென்சார். இரண்டும் ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) வைத்த வகையாகவும் ஒரே பேஸிலிருந்து எடுத்ததாகவும் இருக்கவேண்டும்.

பல கருவிகளில் மூன்று ஒயர் வரும்: பழுப்பு, நீலம், சிவப்பு. பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு விளக்குக்குப் போகும் வெளியீடு. நம் ஊரில் சிவப்பு என்றால் பேஸ் என்றே கை பழகியிருக்கிறது. பேஸைக் கொண்டுபோய்ச் சிவப்பில் கொடுத்து, விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் ஏராளம். பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தை எலக்ட்ரீஷியனுக்குக் காட்டாமல் வேலையைத் தொடங்கவிடாதீர்கள்.

நியூட்ரல் இல்லை என்று இரண்டு ஒயர் சென்சார் வாங்கவேண்டாம். அது தன் தேவைக்கு விளக்கின் வழியாகவே சிறிது மின்னோட்டத்தை எடுக்கும். பழைய குண்டு பல்பில் அது தெரியாது. எல்.இ.டி.யில் அணைந்த பிறகும் மங்கலாக மினுக்கும். புதிதாக நியூட்ரல் இழுப்பதே நல்லது.

வீட்டுக்குள் ஒரு சாதாரண சுவிட்சையும் சென்சாருக்கு இணையாகப் போட்டுவிடுங்கள். சென்சார் கெட்டுப்போன இரவில் அதுதான் காப்பாற்றும். விருந்தாளி வந்தால் தொடர்ந்து எரியவிடவும் உதவும்.

---

அடுக்ககச் செயலர், ஏப்ரல் 22

ரிலே என்றதும் எங்கள் குடியிருப்பில் நடந்தது நினைவுக்கு வருகிறது. நான்கு மாடிப் படிக்கட்டில் ஒரு சென்சாரில் எட்டு எல்.இ.டி. டியூப் இணைத்தோம். ஒவ்வொன்றும் 20 வாட், மொத்தம் 160 வாட். அட்டையில் 800 வாட் என்று இருந்தது. சில வாரங்களில் விளக்குகள் இரவும் பகலும் எரியத் தொடங்கின. கழற்றிப் பார்த்தால் ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டியிருந்தன. வாட் கணக்கு சரியாகத்தானே இருந்தது?

---

பாலிடெக்னிக் வாத்தியார், ஏப்ரல் 22

அந்த 800 வாட் இழை பல்புக்கான கணக்கு. எல்.இ.டி. விளக்கின் உள்ளே மின்தேக்கி உண்டு. சுவிட்ச் போட்ட கணத்தில் அது காலிக் குடம்போல மின்சாரத்தை வாரிக் குடிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் என்றாலும், அந்தக் கணத்தில் பாயும் மின்னோட்டம் வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு. எட்டு விளக்கும் சேர்ந்து குடித்தால் முனைகளில் தீப்பொறி எழுந்து உருகி ஒட்டிக்கொள்ளும். அட்டையில் எல்.இ.டி.க்கென்று தனியாக ஒரு வாட் அளவு போட்டிருக்கிறதா பாருங்கள். போடாத கருவியை வாங்காதீர்கள். உங்கள் படிக்கட்டுக்கு, சென்சார் ஒரு கான்டாக்டரை (அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய ரிலே) இயக்க, கான்டாக்டர் விளக்குகளை இயக்குவதே முறை. மாடிக்கு ஒரு சென்சார் என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

---

கொல்லைப்புறம், ஏப்ரல் 22

கழிப்பறைக்கு உள்ளேயும் ஒன்று வைத்துவிடலாமா? அம்மாவுக்குச் சுவிட்ச் தேடும் வேலை இருக்காது.

---

மதுரை மின்பணி, ஏப்ரல் 22

வேண்டாம் தம்பி. வயதானவர் பத்து நிமிடம் உட்காருவார். பாதியில் அணைந்தால் இருட்டில் பயந்து எழுவார், அப்போதுதான் வழுக்கும்.

---

பாலிடெக்னிக் வாத்தியார், ஏப்ரல் 22

இதில் மட்டும் மின்பணியோடு நான் உடன்படவில்லை. மைக்ரோவேவுக்கு ஏற்ற இடம் என்று ஒன்று உண்டானால் அது இதுதான். சிறிய அறை, விசிறி இல்லை. அணையும் நேரத்தைப் பத்து நிமிடத்துக்கு வைத்தால் சின்ன அசைவுக்கும் நேரம் புதிதாக எண்ணத் தொடங்கும். கதவு தகரமா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் என்றால் வெளியே நடமாடினாலும் எரியும், உணர்திறனைக் குறைக்கவேண்டியிருக்கும். தகரமென்றால் அந்தத் தொல்லை குறைவு. மூச்சின் அசைவையே உணரும் 24 கிகாஹெர்ட்ஸ் வகையும் இப்போது கிடைக்கிறது.

---

மதுரை மின்பணி, ஏப்ரல் 23

ஐயா, சோதனைச்சாலையில் அது சரியாக இருக்கும். கிராமத்தில் கருவி பழுதானால் மாற்ற ஆள் வர நான்கு நாள் ஆகும். அரை வாட் இரவு விளக்கு ஒன்று உள்ளே மாலை முதல் விடியும்வரை எரியட்டும். அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது? அதற்கு மேல் சென்சார் வைப்பதானால் வையுங்கள், நான் தடுக்கவில்லை.

---

பாலிடெக்னிக் வாத்தியார், ஏப்ரல் 23

இரவு விளக்கோடு சென்சாரும் என்றால் எனக்கு முழுச் சம்மதம்.

---

சிக்கனம், ஏப்ரல் 24

இவ்வளவு செலவுக்கு மின்கட்டணத்தில் என்ன மிச்சமாகும்?

---

அடுக்ககச் செயலர், ஏப்ரல் 24

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 வாட் விளக்கு இரண்டு, இரவு 12 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் ஏறக்குறைய 13 யூனிட். சென்சார் வைத்து நாளுக்கு ஒரு மணி நேரம் எரிந்தால் விளக்குக்கு ஒரு யூனிட் சொச்சம். சென்சார்கள் காத்திருப்பதற்கே ஒவ்வொன்றுக்கும் அரை வாட் என்று வைத்தால் இன்னும் ஒன்றரை யூனிட். ஆக இரண்டு மாதத்தில் பத்து யூனிட் மிச்சம். முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் தமிழ்நாட்டில் இந்தப் பணத்துக்காக யாரும் சென்சார் வாங்கவேண்டியதில்லை. அடுக்ககப் படிக்கட்டு, வாகன நிறுத்துமிடம் போல விளக்குகள் அதிகம் உள்ள இடங்களில்தான் பணக் கணக்கு பேசும். அந்த அம்மா விழாமல் இருப்பதற்கு நான் யூனிட் கணக்குப் பார்க்கமாட்டேன்.

---

நீலாங்கரை, ஏப்ரல் 26

இழைக்குச் சற்று விலகிய செய்தி, ஆனால் வெளிவிளக்கு வைப்பவர்களுக்குத் தெரியவேண்டும். எங்கள் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். குஞ்சுகள் பொரித்ததும் வெளிச்சமான திசையைக் கடல் என்று எண்ணி ஓடும். வீட்டு விளக்குகள் எரிந்தால் சாலைப் பக்கம் வந்து செத்துப்போகும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். கடலைப் பார்த்த மாடி விளக்கை நான் சென்சாருக்கு மாற்றி, மேலே மூடியிட்டு, வெள்ளை பல்பை எடுத்துவிட்டு மஞ்சள்கலந்த செம்மை நிறத்தில் போட்டிருக்கிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

---

கொல்லைப்புறம், மே 11

வேலை முடிந்தது. தூசியும் மழையும் புகாத, ஐ.பி. 65 என்று குறித்த பி.ஐ.ஆர். இரண்டு, வாசலிலும் சுவர் நடுவிலும். இரண்டு 9 வாட் விளக்கு. எல்லாம் இன்வெர்ட்டர் இணைப்பில். மின்பணி அண்ணா தொலைபேசியில் சொன்னபடி பகலிலேயே சோதித்தோம். எவ்வளவு இருட்டினால் எரியவேண்டும் என்று அமைக்கும் லக்ஸ் திருகைப் பகலிலும் எரியும்படி சூரியன் படத்துக்கும், நேரத் திருகைக் குறைந்த அளவுக்கும் வைத்துவிட்டு நான் நடக்க, தம்பி விளக்கைப் பார்த்துச் சொன்னான். எந்த இடத்தில் காணாமல் போகிறேன் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டோம். பிறகு லக்ஸைப் பிறைப் பக்கம் திருப்பி, நேரத்தை மூன்று நிமிடமாக்கினோம்.

இரண்டு தவறு செய்தோம். முதல் நாள் நடு விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. விளக்கின் வெளிச்சம் அந்த சென்சார் மேலேயே விழுந்ததால், பொழுது விடிந்துவிட்டது என்று அது நினைத்திருக்கிறது. விளக்கை ஒரு மீட்டர் தள்ளி மாட்டினோம். இரண்டாவது, பசு. அது தலையை ஆட்டும்போதெல்லாம் எரிந்தது. சென்சாரோடு வந்த பிளாஸ்டிக் மறைப்பை வெட்டி லென்ஸின் அந்தப் பக்கத்தை மூடியதும் நின்றது.

வாத்தியார் ஐயா சொன்ன சூட்டுச் சிக்கலையும் பார்த்துவிட்டோம். இரவு எட்டு மணிக்கு நடு சென்சார் மூன்றரை மீட்டரில்தான் எரிகிறது. வழி சுவரிலிருந்து இரண்டு மீட்டர்தான் என்பதால் பாதிப்பில்லை. கழிப்பறைக் கதவுக்கு மேல் மாட்டியிருந்தால் அம்மா பத்து மீட்டர் இருட்டில் நடந்திருப்பார்.

---

மதுரை மின்பணி, மே 11

நல்ல வேலை. மின்சாரம் போய் வந்ததும் விளக்கு தானாக எரிந்து ஒரு நிமிடம் கழித்து அணையும். பழுது என்று நினைக்கவேண்டாம். சென்சார் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் நேரம் அது. மழைக்காலத்துக்கு முன் ஒயர் நுழையும் துளையைப் பாருங்கள். ஒயர் மேலிருந்து நேராக உள்ளே இறங்கினால் தண்ணீரும் அதே வழியில் இறங்கும். ஒரு வளைவு கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையவேண்டும்.

---

கொல்லைப்புறம், நவம்பர் 8

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். இரண்டு வாரமாக விடாத மழை. ஒயர் வளைவு காப்பாற்றியது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் செப்டம்பரில் வாசல் சென்சார் திடீரென்று குருடாகிவிட்டது. ஏணி வைத்துப் பார்த்தால் லென்ஸ் மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சுரண்டினால் லென்ஸில் கீறல் விழும் என்று ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தேன். இப்போது மாதம் ஒருமுறை துடைக்கிறேன்.

கழிப்பறைக்குள் அரை வாட் விளக்கும் மைக்ரோவேவும் இரண்டுமே வைத்தோம், பெரியவர்கள் இருவர் சொல்லையும் தட்டாமல். அம்மா இப்போது மாட்டுக் கொட்டகையிலும் ஒன்று வைக்கச் சொல்கிறார். கன்று போட்டிருப்பதால் இரவில் போய்ப் பார்க்கிறாராம். அங்கே எது சரி?

---

மதுரை மின்பணி, நவம்பர் 8

கன்று பிறந்ததற்கு மகிழ்ச்சி. கொட்டகைக்குள் சென்சார் வேண்டாம் தம்பி. தாயும் கன்றும் அசையும்போதெல்லாம் எரிந்து அவற்றின் தூக்கம் கெடும். நுழைவுக் கம்பத்தில், அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில், இருட்டில் தெரியும் சிவப்புப் புள்ளி வைத்த சாதாரண சுவிட்ச் ஒன்று போடுங்கள். மழை படாத பெட்டிக்குள் வையுங்கள். அந்த இணைப்புக்கு எர்த் கசிவு காப்பு சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.